அமேசான் கேம்லிஃப்ட் சர்வர்ஸ்: எதற்குக் காசு போகிறது, எங்கே கை சுடும்

பத்துப் பேர் மோதும் ஒரு மேட்ச் 15 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அந்த 15 நிமிடத்துக்கு ஆட்டக்காரர்களுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு டேட்டா சென்டரில் ஒரு சர்வர் பிராசஸ் தயாராக நிற்க வேண்டும். பத்துப் பேரும் அதில் சேர வேண்டும், ஆட்டம் முடிந்ததும் அது இடத்தைக் காலி செய்ய வேண்டும். இந்த ஒரு வேலையைத்தான் அமேசான் கேம்லிஃப்ட் சர்வர்ஸ் செய்கிறது. 2016 பிப்ரவரியில் வெறும் கேம்லிஃப்ட் என்ற பெயரில் வந்த சேவை இது. 2025இல், கேமையே கிளவுடில் ஓட்டி வீடியோவாக அனுப்பும் கேம்லிஃப்ட் ஸ்ட்ரீம்ஸ் வந்தபோது, குழப்பம் வராமலிருக்கப் பழையதன் பெயரில் சர்வர்ஸ் சேர்ந்தது. ஸ்ட்ரீம்ஸ் வேறு விஷயம், அதை இங்கே தொடவில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மேட்ச் மேட்சாகப் பிரிந்து நடக்கும் கேம் என்றால் இதைத் தாராளமாக எடுக்கலாம். ஷூட்டர், கார் ரேஸ், பேட்டில் ராயல், அணிக்கு ஐந்து பேர் மோதும் ஆட்டம் எல்லாம் இதில் அடங்கும். ஆனால் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும். ஒன்று, பில்லில் பெரிய தொகை சிபியுவுக்குப் போவதில்லை, நெட்வொர்க்குக்குப் போகிறது. இரண்டு, சர்வர் எப்படிப் பிறக்கிறது, எப்படிச் சாகிறது என்று நீங்கள் எழுதும் கொஞ்சம் நிரல் கோடுதான் இந்தச் சேவை நன்றாக ஓடுமா, தினமும் தலைவலி தருமா என்பதை முடிவு செய்கிறது.

பில்டை ஏற்றும்போது

வேலை இப்படி நடக்கிறது. தலையில்லாத சர்வர் பில்டை, அதாவது திரையும் ஒலியும் இல்லாத பதிப்பை, தயார் செய்கிறீர்கள். கட்டளை வரியிலிருந்து அதை ஏற்றினால் 'பில்ட்' என்று பதிவாகிறது. அதன் மேல் ஒரு 'ஃப்ளீட்' உருவாக்குகிறீர்கள். எந்த வகை மெஷின், எந்தெந்த ஊர்கள், ஒரு மெஷினில் எத்தனை பிராசஸ் என்பதெல்லாம் ஃப்ளீட்டில் அடங்கும். ஃப்ளீட்களுக்கு முன்னால் 'அலையஸ்' என்ற மாற்றுப்பெயர், அதற்கும் முன்னால் 'கியூ' என்ற வரிசை நிற்கின்றன. ஆட்டக்காரர் கோரிக்கை கியூவுக்கு வருகிறது, எந்த ஊரில் இடம் இருக்கிறதோ அங்கே கேம் செஷன் பிறக்கிறது.

அன்ரியல் கேம் எஞ்சினில் டெடிகேட்டட் சர்வர் (ஆட்டத்தை நடத்த மட்டுமே ஆன தனி சர்வர்) வேண்டுமென்றால், லாஞ்சரில் கிடைக்கும் எஞ்சின் போதாது, சோர்ஸிலிருந்து எஞ்சினைக் கட்ட வேண்டும். இதற்கே கணிசமான டிஸ்க் இடமும் சில மணி நேரமும் ஆகும். யூனிட்டியில் டெடிகேட்டட் சர்வர் என்ற பில்ட் இலக்கு தனியாக இருப்பதால் வேலை சுலபம். இரண்டுக்கும் அமேசானே பிளகின் தருகிறது.

முதல் ஃப்ளீட்டிலேயே பலர் மாட்டிக்கொள்ளும் இடம் லினக்ஸ் நூலகப் பதிப்பு. கேம்லிஃப்ட் மெஷினில் அமேசான் லினக்ஸ் 2023 ஓடினால் அதிலுள்ள அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியின் பதிப்பு 2.34. உபுண்டு 22.04இல் இருப்பது 2.35, உபுண்டு 24.04இல் 2.39. உங்கள் உபுண்டு மெஷினில் கம்பைல் செய்த சர்வரோ, கூடவே கட்டிய ஒரு சின்ன நூலகமோ, புதிய பதிப்பைக் கேட்டால் பிராசஸ் முதல் வரிக்கு முன்பே செத்துவிடும். உங்கள் லாக் ஃபைல் திறப்பதற்கு முன்பே சாவதால் லாகில் ஒன்றும் இருக்காது. ஃப்ளீட் 'ஆக்டிவேட்டிங்' நிலையிலேயே வெகுநேரம் நின்று, கடைசியில் பிழை என்று முடியும். அமேசான் லினக்ஸ் 2023 கன்டெய்னருக்குள் வைத்துக் கம்பைல் செய்வதுதான் சரியான வழி. அன்ரியல் தன் சொந்த டூல்செயினோடு வருவதால் எஞ்சின் பகுதிக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. வெளியிலிருந்து சேர்க்கும் நூலகங்களுக்குத்தான் வரும்.

பாதைகளும் கவனம். லினக்ஸில் உங்கள் ஃபைல்கள் எல்லாம் '/லோக்கல்/கேம்' என்ற ஃபோல்டருக்குள் போகின்றன. ஃப்ளீட் அமைப்பில் இயக்க வேண்டிய ஃபைலின் பாதை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். விண்டோஸிலிருந்து ஏற்றும் ஃபைலுக்கு இயக்க அனுமதி தொலைந்துபோவது இன்னொரு பழைய சிக்கல். அதனால் பில்டுடன் ஓர் இன்ஸ்டால் ஸ்கிரிப்டை வைத்து அதில் அனுமதி கொடுத்துவிடுவது நல்லது.

ஃப்ளீட் எழுந்து நிற்கப் பல நிமிடங்கள், சில சமயம் அரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு புது ஃப்ளீட் என்று போனால் ஒரு நாள் காணாமல் போய்விடும். அதற்கு மாற்று, 2022 கடைசியில் வந்த 'எனிவேர்'. உங்கள் சொந்த கம்ப்யூட்டரையே ஒரு ஃப்ளீட்டாகப் பதிவு செய்யலாம். 'கஸ்டம்-' என்று தொடங்கும் பெயரில் ஒரு இடத்தை உருவாக்கி, எனிவேர் வகை ஃப்ளீட் ஒன்றைப் போட்டு, கம்ப்யூட்டரின் ஐபியைப் பதிவு செய்து, டோக்கன் வாங்கி சர்வருக்குக் கொடுத்தால் முடிந்தது. டோக்கன் சீக்கிரம் காலாவதியாகும் என்பதால், வாங்கி ஓட்டுவதை ஒரே ஸ்கிரிப்டில் வையுங்கள். கோடை மாற்றி அடுத்த நிமிடமே சோதிக்கலாம். இந்தச் சேவையில் மிகவும் மதிப்புள்ள வசதி இதுதான் என்பது எங்கள் கருத்து.

பிறப்பும் சாவும்

சர்வர் எஸ்டிகேயில் (உங்கள் சர்வரை கேம்லிஃப்ட்டோடு பேச வைக்கும் நூலகத்தில்) அழைக்க வேண்டிய ஃபங்ஷன்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வரிசையும் நேரமும்தான் கஷ்டம்.

பிராசஸ் தொடங்கியதும் 'இனிட்எஸ்டிகே'யை அழைக்க வேண்டும். 5 நிமிடத்துக்குள் அந்த அழைப்பு வரவில்லை என்றால் பிராசஸ் கொல்லப்படும். அதற்குப் பிறகு 'பிராசஸ்ரெடி'. இதற்கும் 5 நிமிட வரம்பு உண்டு. 'நான் தயார், இந்த போர்ட்டில் கேட்கிறேன்' என்று சொல்லும் இடம் இது. போர்ட் உண்மையில் திறந்து கேட்கத் தொடங்கிய பிறகே இதை அழைக்க வேண்டும். முன்கூட்டியே அழைத்தால், நெருக்கடியான நேரத்தில் அடுத்த நொடியே ஆட்டக்காரர்கள் வந்து மூடிய கதவில் மோதித் திரும்புவார்கள். ஆபீஸ் சோதனையில் இது ஒருபோதும் தெரியாது, ஏனென்றால் அங்கே காத்திருக்கும் கூட்டம் கிடையாது.

போர்ட் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு மெஷினில் பத்து பிராசஸ் ஓடினால் பத்துக்கும் வெவ்வேறு போர்ட் வேண்டும். எண்ணை நீங்களே கட்டளை வரியில் கொடுக்கலாம், அல்லது 0 என்று பைண்ட் செய்து ஆப்பரேட்டிங் சிஸ்டம் தரும் எண்ணை பிராசஸ்ரெடியில் சொல்லலாம். இரண்டாவது வழி அழகானது, ஆனால் லினக்ஸ் தானாகத் தரும் எண்கள் 32768 முதல் 60999 வரை. கேம்லிஃப்ட் வெளியுலகத்துக்குத் திறக்க விடும் எல்லையோ 1026 முதல் 60000 வரை. மேலே மிஞ்சும் 999 எண்களில் ஒன்று விழுந்தால் சர்வர் நலமாக இருக்கும், ஆனால் யாராலும் சேர முடியாது. கணக்குப்படி 100 பிராசஸுக்கு மூன்று நான்கு இப்படிப் போகும். 'எப்போதாவது கனெக்ட் ஆகவில்லை' என்று வரும் புகாரின் காரணத்தை இங்கே தேடவே யாருக்கும் தோன்றாது. கிடைத்த எண் 60000ஐத் தாண்டினால் மூடிவிட்டு மறுபடி பைண்ட் செய்யும்படி ஒரு வரி எழுதினால் போதும்.

கேம் செஷன் ஒதுக்கப்பட்டதும் உங்கள் சர்வருக்கு அழைப்பு வரும். மேப்பை ஏற்றிவிட்டு 'ஆக்டிவேட்கேம்செஷன்' என்று பதில் சொல்ல வேண்டும். இதற்கான கால வரம்பை நீங்கள் 1 முதல் 600 நொடி வரை வைத்துக்கொள்ளலாம். ஒரே மெஷினில் ஒரே நேரத்தில் எத்தனை செஷன் ஆக்டிவேட் ஆகலாம் என்பதற்கும் ஒரு எண் இருக்கிறது. அதை 1 அல்லது 2 என்று வைப்பது நல்லது. மேப் ஏற்றும் வேலை சிபியுவை உறிஞ்சும்போது, பக்கத்துப் பிராசஸில் ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கு லேக் அடிக்கும். நொடிக்கு 60 முறை ஆட்டநிலையைக் கணக்கிடும் 60 டிக் சர்வருக்கு ஒரு டிக்கை முடிக்க 16.67 மில்லிநொடிதான் இருக்கிறது. நான்கு மேப் ஒன்றாக ஏறினால் அது தாங்காது.

ஆட்டக்காரர் சேரும் வழியிலும் ஒரு பொறி இருக்கிறது. பிளேயர் செஷன் உருவான நொடியிலிருந்து 60 நொடிக்குள் அவர் சர்வரை அடைந்து, சர்வர் 'அக்செப்ட்பிளேயர்செஷன்' அழைத்துவிட வேண்டும். தவறினால் இடம் பறிபோகும். மொபைல் கேமில் மேப்பை முழுதாக ஏற்றிவிட்டு அப்புறம் கனெக்ட் செய்யும்படி எழுதியிருந்தால், விலை குறைந்த போன்களில் இந்த 60 நொடி சாதாரணமாகத் தாண்டும். போன் நல்லதாக இருப்பவர்கள் சேர்ந்துவிடுவார்கள், மற்றவர்கள் வெளியே நிற்பார்கள். முதலில் கனெக்ட், பிறகு மேப் என்று வரிசையை மாற்றினால் சிக்கல் தீரும்.

வெளியேறுபவருக்கு 'ரிமூவ்பிளேயர்செஷன்' அழைக்காவிட்டால் அந்த இடம் நிரம்பியதாகவே கணக்கில் இருக்கும், மாற்று ஆள் வர முடியாது. அதே சமயம் சிக்னல் போன நொடியே அழைத்துவிட்டால் அதே பிளேயர் செஷனில் அவரால் திரும்ப வர முடியாது. 60 முதல் 90 நொடி வரை பொறுத்து அழைப்பது இரண்டுக்கும் நடுவான வழி.

ஏறக்குறைய ஒவ்வொரு 60 நொடிக்கும் நலமா என்று ஒரு கேள்வி வரும். தொடர்ந்து மூன்று முறை நல்ல பதில் வராவிட்டால் பிராசஸ் கொல்லப்படும். எப்போதும் 'நலம்' என்று பதில் சொல்லும் வரியை எழுதிவிட்டுப் போவதுதான் நடைமுறையில் அதிகம் காணப்படும் தவறு. ஆட்டத்தின் பிரதான லூப் உறைந்திருக்க, வேறு த்ரெடிலிருந்து 'நலம்' என்று பதில் போய்க்கொண்டே இருந்தால், அந்தப் பிணம் கணக்கில் உயிரோடு இருக்கும், அதற்கு நீங்கள் காசும் கட்டிக்கொண்டிருப்பீர்கள். கடைசி டிக் எப்போது முடிந்தது என்ற நேரத்தைப் பார்த்து, 10 நொடிக்கு மேல் ஆகியிருந்தால் 'நலமில்லை' என்று சொல்லுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் 'பிராசஸ்எண்டிங்' அழைத்துவிட்டு வெளியேற வேண்டும். அடுத்த ஆட்டத்துக்கு அதே பிராசஸைத் திரும்பப் பயன்படுத்துவதைவிட, செத்துப் புதிதாகப் பிறப்பது நல்லது. நினைவகக் கசிவு, முந்தைய ஆட்டத்தின் மிச்சசொச்சம் எல்லாம் அதோடு ஒழியும். லாக் ஃபைல்களும் அப்போதுதான் சேமிப்புக்குப் போகின்றன, 14 நாள் இருக்கும். அதற்குமேல் வேண்டுமென்றால் நீங்களே உங்கள் இடத்துக்கு நகலெடுக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

பில்

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் முழுக்கச் சராசரியாக எந்நேரமும் 1,000 பேர் ஆடுகிறார்கள், மேட்சுக்கு 10 பேர். ஆக 100 செஷன். எப்போதும் 20 சதவீத இடம் காலியாக இருக்க வேண்டும் என்று வைத்தால் 125 இடம் வேண்டும். சர்வர் இலேசானது, ஒரு பிராசஸுக்கு 300 எம்பி நினைவகம், ஒரு விசிபியுவில் (மெய்நிகர் கோரில்) ஏழில் ஒரு பங்கு என்று கொள்வோம். அப்படியானால் 2 விசிபியுவும் 4 ஜிபியும் உள்ள சி5 லார்ஜ் மெஷினில் 10 பிராசஸ் ஓடும். 13 மெஷின் தேவை. விர்ஜினியா பகுதியில் அமேசானின் சாதாரண கிளவுட் மெஷின் சேவையான ஈசி2வின் நேரடி விலை மணிக்கு 0.085 டாலர். 13 மெஷின், 720 மணி நேரம் என்றால் ஏறத்தாழ 796 டாலர். கேம்லிஃப்ட் விலை இதைவிடச் சற்று கூடுதல்.

இப்போது நெட்வொர்க். சர்வர் ஒவ்வொருவருக்கும் நொடிக்கு 10 கேபி அனுப்புகிறது என்றால், ஒருவருக்கு மணிக்கு 36 எம்பி. 1,000 பேருக்கு மாதம் 25,920 ஜிபி. வெளியே போகும் டேட்டாவுக்கு முதல் 10 டிபி வரை ஜிபிக்கு 0.09 டாலர், அதற்கடுத்த 40 டிபிக்கு 0.085 டாலர். மொத்தம் ஏறத்தாழ 2,250 டாலர். மெஷின் வாடகையைவிட இரண்டே முக்கால் மடங்கு!

அன்ரியல் போன்ற கனமான சர்வர் என்றால், ஒரு பிராசஸே ஒரு ஜிபிக்கு மேல் கேட்கும் என்பதால் மெஷின் செலவும் ஏறும், விகிதம் மாறும். ஆனாலும் வெளியே போகும் பைட்டுகளைக் குறைப்பதுதான் முதலில் கை வைக்க வேண்டிய இடம். ஒரு பொருளின் இருப்பிடத்தை மூன்று ஃப்ளோட்டாக அனுப்பினால் 12 பைட். ஒவ்வொரு அச்சுக்கும் 16 பிட் என்று சுருக்கினால் 6 பைட், 1 செ.மீ. துல்லியத்தில் 655 மீட்டர் அகலமுள்ள மேப்புக்கு அது போதும். சுழற்சியைக் குறிக்கும் குவாட்டர்னியன் 16 பைட். அதில் பெரிய எண்ணை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் பத்துப் பத்து பிட்டில் அடைத்தால் 4 பைட்டில் முடியும். மாறாததை அனுப்பாதீர்கள், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருப்பவனைப் பற்றிச் சொல்லாதீர்கள். பின்னது ஏமாற்றுக்காரர்களின் சுவர் ஊடுருவும் கருவிகளையும் பாதி முடக்கும்.

பாக்கெட் எண்ணிக்கையும் செலவுதான். யுடிபி, ஐபி தலைப்புகள் மட்டும் பாக்கெட்டுக்கு 28 பைட். நொடிக்கு 60 பாக்கெட் என்றால், உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஓர் ஆட்டக்காரர் இடத்துக்கு மாதம் 4.35 ஜிபி. சர்வர் உள்ளே 60 டிக்கில் ஓடட்டும், வெளியே 30 முறை அனுப்பினால் பெரும்பாலான கேம்களுக்குப் போதும். போட்டி ஷூட்டர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

மெஷின் தேர்வில் ஒரே எச்சரிக்கை. டி வகை மெஷின்கள் மலிவாகத் தெரியும். அவை சிபியு கிரெடிட்டில் ஓடுபவை, தொடர்ந்து பாரம் ஏறினால் கிரெடிட் தீர்ந்து வேகம் விழும், அல்லது கூடுதல் கட்டணம் வரும். கேம் சர்வர் தொடர்ந்து பாரம் தருகிற வேலை. சோதனைக்கு டி வகை சரி, ஆட்டக்காரர்களுக்கு சி வகைதான் வேண்டும். ஆர்ம் சிப் உள்ள கிராவிட்டான் மெஷின்கள் மலிவு, உங்கள் சர்வரையும் எல்லா நூலகங்களையும் ஆர்முக்குக் கம்பைல் செய்ய முடிந்தால் கண்டிப்பாக அளந்து பாருங்கள்.

மிச்சமிருக்கும் மெஷின்களை மலிவாகத் தரும் ஸ்பாட் ஃப்ளீட்டில் பெரிய தள்ளுபடி. ஆனால் அமேசானுக்கு மெஷின் தேவைப்பட்டால் 2 நிமிட அவகாசத்தில் பிடுங்கிக்கொள்ளும். 15 நிமிட மேட்ச் நடுவில் அறுந்தால் என்ன செய்வது என்று விதி இல்லாமல் ஸ்பாட்டுக்குப் போகாதீர்கள். 'செஷன் பாதுகாப்பு' என்ற அமைப்பைப் போட்டால் தப்பித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஃப்ளீட் தானாகச் சுருங்கும்போது ஆட்டம் நடக்கும் மெஷினை மூடாமல் அது காப்பாற்றும், ஸ்பாட் பிடுங்கலிலிருந்து காப்பாற்றாது. டெர்மினேட் அழைப்பு வந்ததும் ஆட்டக்காரர்களுக்கு அறிவித்து, அதுவரையான புள்ளிகளை எழுதிவைத்து, ரேங்கில் யாருக்கும் நஷ்டம் வராமல் மேட்சை ரத்து செய்வது குறைந்தபட்ச மரியாதை. ஒரே கியூவில் இரண்டு மூன்று மெஷின் வகைகளில் ஸ்பாட்டும், கடைசியில் ஒரு சாதாரண ஆன்-டிமாண்ட் (முழு விலை, பிடுங்கப்படாத) ஃப்ளீட்டும் வைத்தால், பிடுங்கப்படும் வாய்ப்புக் குறைந்த இடத்தைக் கியூவே தேர்ந்தெடுக்கும். தரவரிசை மேட்சுகளை மட்டும் ஆன்-டிமாண்டில் ஓட்டுவது நல்ல ஏற்பாடு.

இடங்களின் எண்ணிக்கையிலும் நிதானம் வேண்டும். ஃபைபரில் ஒளி மில்லிநொடிக்கு ஏறத்தாழ 200 கி.மீ. போகிறது. 1,000 கி.மீ. தூரத்துக்குப் போய்வர 10 மில்லிநொடி என்பது இயற்கை வைத்த எல்லை, நடைமுறையில் கேபிள் சுற்றிப் போவதால் இன்னும் கூடும். எனவே பக்கத்தில் சர்வர் இருப்பது நல்லதுதான். ஆனால் ஆளே இல்லாத நேரத்திலும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு மெஷினை விழித்திருக்க வைத்தால் அத்தனைக்கும் 24 மணி நேர வாடகை. அதைவிட மோசம், ஆட்டக்காரர்கள் சிதறிவிடுவார்கள். நிமிடத்துக்கு 20 பேர் வருகிற கேமில் 3 மோட், 4 பிராந்தியம் என்று பிரித்தால் 12 வரிசை, ஒவ்வொன்றிலும் இரண்டு பேர்கூட இல்லை. மேட்ச் எப்படிச் சேரும்?

ஆள் சேர்ப்பது

அதற்குத்தான் கேம்லிஃப்ட்டின் ஆள் சேர்க்கும் பகுதியான ஃப்ளெக்ஸ்மேட்ச். விதிகளை ஒரு ஜேசன் ஃபைலில் எழுதுகிறோம்: அணிக்கு எத்தனை பேர், திறமை வித்தியாசம் எவ்வளவு, பிங் எவ்வளவு வரை. நேரம் போகப் போக விதியைத் தளர்த்தலாம் என்பது இதன் சிறப்பு. உதாரணமாக, திறமை வித்தியாசம் முதலில் 50 வரை, 15 நொடிக்குப் பின் 150 வரை, 30 நொடிக்குப் பின் எவ்வளவானாலும் சரி. பிங்கைக் கடைசியாகத் தளர்த்துங்கள். தோற்றவன் மறுபடி வருவான், லேக் அடித்தவன் கேமையே தூக்கிவிடுவான்.

பிங்கை இந்தச் சேவை தானாக அளக்காது. கிளையன்ட்தான் ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் யுடிபியில் பிங் அடித்து, எண்களைக் கோரிக்கையோடு அனுப்ப வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் கியூ தன் வரிசைப்படி ஏதோ ஓர் ஊரில் ஆட்டத்தைத் திறந்துவிடும். மேட்ச் அமைந்ததா என்று நொடிக்கொரு முறை கேட்டுக்கொண்டிருப்பதும் வேண்டாம், கூட்டம் வந்த நாளில் கோரிக்கை வரம்பில் அடிபடுவீர்கள். எஸ்என்எஸ் அல்லது ஈவன்ட்பிரிட்ஜ் என்ற அமேசான் அறிவிப்புச் சேவைகள் வழியாக வரும் அறிவிப்பைப் பிடித்து கிளையன்ட்டுக்குத் தள்ளுங்கள். தள்ளுவதற்கு ஏபிஐ கேட்வேயின் வெப்சாக்கெட்டை (திறந்தே இருக்கும் இணைப்பை) வைத்தால் அதற்கும் எல்லை உண்டு: 10 நிமிடம் சும்மா இருந்தால் துண்டிக்கும், எப்படியும் 2 மணி நேரத்தில் துண்டிக்கும். மறுபடி இணையும் கோடு முதல் நாளிலிருந்தே வேண்டும்.

கணக்கு, பை (ஆட்டக்காரரின் பொருள்கள்), ரேங்க் போன்றவற்றைப் பெரும்பாலும் அமேசானின் தரவுத்தளமான டைனமோடிபியில் வைப்பார்கள். நல்ல தேர்வுதான். ஓர் ஐட்டம் 400 கேபிக்கு மேல் போக முடியாது என்பதால், ஒருவரின் முழுப் பையையும் ஒரே ஐட்டத்தில் திணிக்காதீர்கள். ஒரு பார்ட்டிஷனுக்கு நொடிக்கு 1,000 எழுதும் அலகுதான் என்பதால் உலக ரேங்க் பட்டியலை ஒரே கீயில் வைத்தால் திணறும். அதற்கு, நினைவகத்தில் இயங்கும் தரவுத்தளமான ரெடிஸின் வரிசைப்படுத்திய செட் பொருத்தம். கடையில் வாங்கும் ஒவ்வொன்றுக்கும் தனி ஆர்டர் எண் கொடுத்து, அந்த எண் ஏற்கெனவே இல்லாவிட்டால் மட்டும் எழுது என்று நிபந்தனை போடுங்கள். நெட் விட்டு விட்டு வரும்போது கிளையன்ட் அதே கோரிக்கையை இரண்டு முறை அனுப்பும், காசு இரண்டு முறை கழியக்கூடாது.

புது பதிப்பு வரும் நாள்

ஃப்ளீட்டில் பில்டை மாற்ற முடியாது. புது பில்ட் என்றால் புது ஃப்ளீட், அது எழுந்து சூடானதும் அலையஸை அதன் பக்கம் திருப்ப வேண்டும். பழையதில் ஆடிக்கொண்டிருப்பவர்கள் ஆடி முடிக்கட்டும், பிறகு அதை அழித்துவிடலாம். பழைய கிளையன்ட் புது சர்வரில் வந்து விழாமலிருக்கப் பதிப்புக்கு ஓர் அலையஸ் வைத்துக்கொள்வது பத்திரம். புது பதிப்பு இல்லாவிட்டாலும் மாதத்துக்கு ஒருமுறை ஃப்ளீட்டை மாற்றியே ஆக வேண்டும், ஏனென்றால் ஓடும் ஃப்ளீட்டின் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வந்து சேராது. இதைக் கையால் செய்தால் மறக்கும். ஸ்கிரிப்டில் போட்டுவிடுங்கள்.

கூட்டம் வரும் நாளுக்கு முன் மெஷின் வரம்பைப் பாருங்கள். புதுக் கணக்குகளில் ஒவ்வொரு மெஷின் வகைக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் வரம்பு மிகக் குறைவாக இருக்கும், கூட்டிக் கேட்டால் பதில் வர நாளாகலாம். எதிர்பார்ப்பு எவ்வளவு பிசகும் என்பதற்குப் பதிவான உதாரணம் 2016இன் போக்கிமான் கோ. அது ஓடியது கூகுள் கிளவுடில். மிக மோசமாகப் போனால் இலக்கைவிட 5 மடங்கு என்று கணித்திருந்த இடத்தில் 50 மடங்கு வந்ததாக கூகுளே எழுதியது. மெஷின்கள் எழப் பல நிமிடம் ஆகும் என்பதால் தானியங்கி விரிவாக்கம் திடீர் கூட்டத்தைப் பிடிக்காது. வெளியீட்டு நாளில் குறைந்தபட்ச மெஷின் எண்ணிக்கையைக் கையால் ஏற்றி வைத்து, இரண்டு நாள் கழித்து இறக்குங்கள். உள்நுழைவில் ஒரு காத்திருப்பு வரிசையும் வேண்டும்.

வேறு என்ன இருக்கிறது

மைக்ரோசாஃப்ட் 2018இல் வாங்கிய பிளேஃபேப், கணக்கு, கடை, ரேங்க் எல்லாவற்றையும் சேர்த்தே தருகிறது. பின்புலத்தை எழுத ஆள் இல்லாத சிறு குழுவுக்கு கேம்லிஃப்ட்டைவிட அது பொருத்தம். கூகுளும் யூபிசாஃப்ட்டும் 2018இல் திறந்த மூலமாக வெளியிட்ட, கேம் சர்வர்களை நடத்தும் அகோனெஸ், கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெடிஸ் மேல் எங்கே வேண்டுமானாலும் ஓடும். குபர்னெடிஸ் நன்றாகத் தெரிந்த ஒருவர் முழுநேரமாக இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள். மாறி மாறி ஆடும் சீட்டு, சதுரங்கம் போன்ற கேம்களுக்கு இவை எதுவுமே வேண்டாம், சாதாரண வெப் பின்புலம் போதும். ஓயாமல் ஓடும் ஒரே பெரிய உலகம் என்றால் கேம்லிஃப்ட்டின் செஷன் கணக்கே அதற்கு ஒத்துவராது.

ஆட்டக்காரர் எண்ணிக்கை நிலைத்த பிறகு யோசிக்க வேண்டியது கலப்பு ஏற்பாடு. எப்போதும் இருக்கும் அடிப்படைக் கூட்டத்தை மாத வாடகை மெஷின்களில் ஓட்டி, மாலை நேரத்து உச்சத்தை மட்டும் கிளவுடுக்குத் தள்ளலாம். அப்படிப்பட்ட மெஷின்களின் வாடகையிலேயே பெரும்பாலும் டேட்டாவும் அடங்கிவிடும். மேலே சொன்ன 2,250 டாலரில் பெரும்பங்கு அதில் கரையும். எனிவேர் ஃப்ளீட்டையும் சாதாரண ஃப்ளீட்டையும் ஒரே கியூவில் சேர்க்க முடியும் என்பதால் கிளையன்ட்டில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

எந்தச் சேவையை எடுத்தாலும் அதன் எஸ்டிகே அழைப்புகளை கேம் கோடுக்குள் தூவிவிடாதீர்கள். தொடங்கு, தயார், ஆட்டக்காரரை ஏற்றுக்கொள், நலம், முடி என்று ஐந்து ஃபங்ஷன் உள்ள ஒரு சிறு அடுக்கை நடுவில் வையுங்கள். அகோனெஸை நிர்வகித்துத் தந்த கூகுளின் கேம் சர்வர்ஸ் சேவை 2023 ஜூனில் மூடப்பட்டது. அந்த அடுக்கு இருந்தால், அப்படி ஒரு அறிவிப்பு வரும்போது மாற்ற வேண்டியது ஒரே ஒரு ஃபைல்தான். அந்த ஐந்துக்கும் ஒன்றுமே செய்யாத ஒரு போலிப் பதிப்பையும் எழுதி வைத்தால், எந்தக் கிளவுடும் இல்லாமல் உங்கள் மேசையிலேயே சர்வரை ஓட்டிச் சோதிக்கலாம்.